தைலம் தேய்க்கும் முன் ஒரு நிமிடம்!

என் மகளுக்குத் தலைப்பிரசவம். சிசேரியன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலை, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கியவள், "அம்மா, இடது கால் மட்டும் கல்லு மாதிரி கனக்குதும்மா" என்றாள்.

பார்த்தேன். கெண்டைக்கால் இறுகி, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. வலது கால் எப்போதும் போல்தான் இருந்தது. எண்பது வயதான என் அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பிள்ளை பெத்த உடம்பு, நீர் கோத்துக்கிட்டிருக்கு. எண்ணெயைச் சூடு பண்ணி நல்லா அழுத்தித் தேய். நரம்பு விட்டுக் கொடுக்கும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுப்பில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தும் விட்டேன். நல்ல வேளை, குழந்தையின் எடை பார்க்க அன்றைக்குத்தான் சுகாதார நர்ஸ் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எண்ணெய் வாசனை அவருக்குத் தெரிந்துவிட்டது. என் மகளின் காலை ஒரு பார்வை பார்த்தவர், "அம்மா, முதல்ல அடுப்பை அணைங்க. இந்தக் காலைத் தேய்க்கவே கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

போனோம். டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். சீட்டில் எழுதியிருந்தது மூன்று சொல்: டீப் வெயின் த்ராம்போசிஸ். தொடையின் உள்ளே ஓடும் பெரிய ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி நின்றிருந்தது. நான் அன்றைக்கு அழுத்தித் தேய்த்திருந்தால் அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மூன்று சொல்லை எனக்குப் புரிய வைத்த டாக்டரம்மா, இன்னும் பல சொற்களையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் எத்தனை வீக்கத்தை ஒரே பெயர் சொல்லி ஒரே தைலத்தைத் தேய்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சகோதரிகளே, அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வாய்க்கால், வடிகால், கசிவு

நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். டாக்டரம்மாவும் எங்கள் பக்கம்தான். அதனால் வயலை வைத்தே விளக்கினார்.

"ஆத்துத் தண்ணி வயலுக்கு வர்றது பாசன வாய்க்கால்ல. மிச்சத் தண்ணி வெளியே போறது வடிகால்ல. உடம்பிலயும் அப்படித்தான். இருதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு வர்றது தமனி. இங்கிலீஷ்ல ஆர்ட்டரி. ரத்தத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போறது சிரை. அதுதான் வெயின். மூணாவதா ஒண்ணு இருக்கு. வயல்ல மண்ணுக்குள்ள கசிஞ்சு நிக்கிற தண்ணி மாதிரி, ரத்தக் குழாயிலிருந்து சதைக்குள்ள கசியற நீரை வடிச்சுத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கிற மெல்லிய குழாய்கள். அதில் ஓடறது நிணநீர். லிம்ஃப்."

இப்படி நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர் நிணநீர்க் குழாய்கள் வழியாகத் திரும்புகிறதாம். லிம்ஃப் என்ற லத்தீன் சொல்லுக்குத் தெளிந்த நீர் என்று பொருள். தமிழில் நிணம் என்றால் கொழுப்பு. குடலிலிருந்து கொழுப்புச் சத்தை ரத்தத்துக்கு எடுத்துப் போவதும் இந்தக் குழாய்கள்தான் என்பதால் நம் சொல்லும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, வயிறு நிறையத் தின்ற ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, பால் நிறத்தில் இருந்த இந்தக் குழாய்களைத்தான் பார்த்தார்.

நாம் என்ன செய்கிறோம்? இந்த மூன்றையும், போதாக்குறைக்கு நிஜமான நரம்பையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் 'நரம்பு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். "நரம்பில் ஊசி போடணும்" என்கிறோமே, அந்த ஊசி போகிற இடம் சிரை. நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டு போகிற கம்பி. அதற்குள் ரத்தம் ஓடாது.

நான் தின்ற மாத்திரைகள்

இந்தக் குழப்பத்துக்கு நானே சாட்சி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் கால்களில் பச்சை பச்சையாகச் சுருண்டு புடைத்து வந்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று எல்லோரும் சொன்னதால், நரம்புக்குச் சத்து என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கினேன். ஒன்றும் குறையவில்லை.

அது வெரிகோஸ் வெயின். சுருள் சிரை. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும், கீழே இறங்கக் கூடாது. அதற்காகச் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள், அதாவது வால்வுகள், உண்டு. மணிக்கணக்கில் அசையாமல் நின்று சமைப்பது, கர்ப்ப காலத்தில் வயிற்றின் பாரம், பரம்பரை இவையெல்லாம் சேர்ந்து கதவு பழுதானால் ரத்தம் தேங்கிக் குழாய் புடைக்கிறது. இதற்கு வேண்டியது காலை உயர்த்தி வைத்து ஓய்வு, நடை, டாக்டர் அளவு பார்த்துச் சொல்லும் அழுத்தக் காலுறை. தேவைப்பட்டால் லேசர் அல்லது அறுவை. சத்து மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புடைத்த சிரை எங்காவது இடித்துக்கொண்டு ரத்தம் பீறிட்டால் பதறி ஓடாதீர்கள். அங்கேயே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றால் ரத்தம் இன்னும் கொட்டும்.

வாலைப் பிடித்தால் போதும்

"இங்கிலீஷ் பேர் நீளமா இருக்கேன்னு பயப்படாதீங்க. வாலைப் பிடிச்சா போதும்" என்றார் டாக்டரம்மா.

ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. அதாவது சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது. எடீமா என்றால் நீர் தேங்கிய வீக்கம். த்ராம்போசிஸ் என்றால் உறைந்து கட்டியாவது. முன்னால் ஃப்ளெப் என்று வந்தால் சிரை, ஆர்ட்டரி வந்தால் தமனி, லிம்ஃப் வந்தால் நிணநீர். இவ்வளவுதான். ஃப்ளெபைடிஸ் என்றால் சிரை அழற்சி என்று நாமே பிரித்துக்கொள்ளலாம். லிம்ஃபெடீமா என்றால் நிணநீர் தேங்கிய வீக்கம்.

இன்னொரு சொல் எம்போலிசம். கட்டி இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, ஓடிப் போய் வேறிடத்தில் ஆப்பு அடித்த மாதிரி அடைத்துக்கொள்வது. காலில் உறைந்த கட்டிதான் நகர்ந்து நுரையீரலை அடைக்கிறது என்பதை 1840களில் விளக்கியவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ. என் மகளைப் பற்றி நர்ஸ் பயந்தது இதற்குத்தான்.

அதெரோஸ்க்லெரோசிஸ் என்று ஒன்று. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதெரோ என்பதற்குக் கிரேக்க மொழியில் கூழ் என்று பொருளாம்! தமனியின் உள்சுவரில் கூழ் மாதிரி கொழுப்புப் படிந்து இறுகிப் போவதுதான் அந்த நோய்.

மாமாவின் காலும் வெந்நீர்ப் பையும்

கூழ் என்றதும் சிரித்தேனே தவிர, அடுத்த நிமிஷம் என் மாமனார் ஞாபகம் வந்து கண் கலங்கியது. மாமாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பீடியும் உண்டு. கடைத்தெருவுக்குக் கிளம்பினால் பாதி வழியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். நின்றால் சரியாகிவிடும். திரும்ப நடந்தால் திரும்ப வலிக்கும். "வயசாச்சும்மா" என்பார். பாதம் சில்லென்று கிடக்கும். குளிர்ச்சிதான் காரணம் என்று நினைத்து, ஒரு மார்கழி ராத்திரி நான்தான் வெந்நீர்ப் பையை வைத்தேன். காலையில் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். அவருக்குச் சூடே தெரியவில்லை. அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது.

நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்பதற்கு கிளாடிகேஷன் என்று பெயர். லத்தீனில் நொண்டுதல் என்று பொருள். இது வாய்க்காலில் கோளாறு. தண்ணீரே வராத வயல் மாதிரி, கால் ரத்தத்துக்கு ஏங்குகிறது. இந்தக் காலை உயர்த்தி வைத்தால் வலி கூடும், தொங்கப் போட்டால் குறையும். சுருள் சிரைக்கு நேர் எதிர்! அழுத்தக் காலுறையும் இதற்கு ஆகாது. சர்க்கரையும் சேர்ந்தால் பாதம் மரத்துப் போய் சூடு தெரியாது. பீடி, சிகரெட்டை நிறுத்தாமல் எந்த மருந்தும் பலிக்காது.

ஒரு பெயர் தெரிந்திருந்தால் அந்த வெந்நீர்ப் பையை நான் தொட்டிருக்க மாட்டேன்.

நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் கட்டும். இது நம் எல்லோருக்கும் தெரியும். நெறி என்பது நிணநீர்க் கணு. நிணநீரில் வரும் கிருமிகளை வடிகட்டுகிற காவல் சாவடி. சண்டை நடக்கும்போது அது வீங்குகிறது. இதுதான் லிம்ஃபடினைடிஸ். புண் ஆறினால் நெறியும் அடங்கும். அதைப் போட்டு நீவி நசுக்கக் கூடாது.

ஆனால் மூன்று வாரம் ஆகியும் கரையாத நெறி, கெட்டியாகி அசையாத நெறி, வளர்ந்துகொண்டே போகும் நெறி, கூடவே மாலைக் காய்ச்சலும் இளைப்பும் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். கழுத்தில் மாலை கோத்த மாதிரி வருவதைப் பெரியவர்கள் கண்டமாலை என்பார்கள். பெரும்பாலும் அது நெறியில் வந்த காசநோய். ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்ட பிறகு, புண்ணிலிருந்து கையின் மேலே சிவப்புக் கோடு ஓடினால் அதற்குப் பெயர் லிம்ஃபாஞ்சைடிஸ். "விஷம் ஏறுது" என்று மந்திரிக்கப் போகாமல், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது.

பாட்டி பார்க்காத கல்யாணங்கள்

கும்பகோணத்தில் பிறந்த எனக்கு யானைக்கால் புதிதல்ல. என் அம்மாவின் அம்மாவுக்கு வலது காலில் இருந்தது. அவருடைய சொந்தப் பேத்தி கல்யாணத்தில் கூட அவர் மணவறைப் பக்கம் வரவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஊரார் அந்தப் பெயரைச் சொல்லியே அவரை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதன் மருத்துவப் பெயர் ஃபைலேரியா. நூல் மாதிரி மெல்லிய புழு நிணநீர்க் குழாய்க்குள் குடியிருந்து குழாயைப் பழுதாக்குகிறது. அதனால் வருவது லிம்ஃபெடீமா. இது பரம்பரையும் இல்லை, பாவமும் இல்லை. தொட்டால் ஒட்டவும் ஒட்டாது. கொசுதான் பரப்புகிறது. கொசுவின் உடலில் இந்தப் புழு வளர்வதை 1877இலேயே பாட்ரிக் மேன்சன் கண்டுபிடித்துவிட்டார். சாக்கடையிலும் மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும் வளரும் க்யூலெக்ஸ் கொசு அது. குஞ்சுப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலவும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பார்கள். சின்ன வயதில் தொற்றி, பல வருஷம் கழித்து வீக்கமாக வெளியே வரும்.

2004 முதல் நம் நாட்டில் நோய் உள்ள மாவட்டங்களில் வருஷம் ஒரு தடவை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. கர்ப்பிணிகளுக்கும் 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் இது கிடையாது. பக்கத்து இலங்கையில் இந்த நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வீங்கிவிட்ட காலுக்கும் வழி உண்டு. தினம் சோப்புப் போட்டுச் சாதாரணத் தண்ணீரில் கழுவ வேண்டும். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடைத்து, வெடிப்போ சேற்றுப்புண்ணோ இருந்தால் மருந்து போட வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. குளிர் காய்ச்சலோடு கால் சிவந்து வலித்தால் அது அழற்சி. உடனே டாக்டரிடம் போக வேண்டும். அப்போது தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. என் பாட்டிக்கு இந்தச் சோப்பு வைத்தியத்தை யாராவது சொல்லியிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

லிம்ஃபெடீமா புழுவால் மட்டும் வருவதில்லை. என் ஓரகத்திக்கு மார்பில் புற்றுநோய் வந்து அறுவை ஆனபோது அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், "அக்கா, வளையல் ஏற மாட்டேங்குது" என்றாள். வடிகட்டும் சாவடி போனதால் கையில் நிணநீர் தேங்கியிருக்கிறது. அவளுக்குப் பிசியோதெரபிஸ்ட் செய்வதும் ஒருவகைத் தேய்ப்புதான். ஆனால் தோல் மட்டும் நகரும்படி பூப்போல நீவி விடுவார். பிறகு முறையாகக் கட்டுப் போடுவார். நம் வீட்டு அழுத்தித் தேய்த்தலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அம்மாக்கள் செய்யும் தவறு

இனி என் மகளிடம் வருகிறேன். ஏன் வந்தது என்று கேட்டேன். கர்ப்பத்தின் கடைசியில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை பெறுகிறது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க இயற்கை செய்யும் ஏற்பாடு. பிரசவமாகி ஆறு வாரம் வரை இந்த அபாயம் அதிகம். அதிலும் சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல்.

"வீட்டில் எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா. நான் பெருமையாகச் சொன்னேன். "கட்டிலை விட்டு இறங்கவே விடலை டாக்டர். தண்ணி கூட அளந்துதான் கொடுத்தேன், வயிறு போட்டுடும்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க அம்மா உங்களுக்குச் செஞ்சதை நீங்க செஞ்சீங்க. ஆனா அசையாம படுத்திருந்தா ரத்தம் தேங்கும். தண்ணி குறைஞ்சா கெட்டியாகும். இரண்டும் கட்டி உறையறதுக்கு உதவி பண்ணும்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பாசத்தோடு செய்தது எல்லாமே எதிராகத்தான் வேலை செய்திருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். "குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?" என்பதுதான் என் மகள் கேட்ட முதல் கேள்வி. தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் மருந்து தொடர்ந்தது. இனி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவளுக்கு ஆகாது, அடுத்த முறை கர்ப்பமானால் முதல் நாளே இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன்.

நினைவில் வைக்க

● ஒற்றைக் காலில் திடீர் வீக்கம், வலி, சூடு: தேய்க்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

● அதோடு மூச்சு முட்டல், மூச்சு இழுத்தால் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம்: ஒரு நிமிடம் தாமதிக்காமல் 108க்கு அழையுங்கள்.

● கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல் வந்தால் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

● சில்லிட்டு மரத்த பாதத்துக்கு வெந்நீர்ப் பை வேண்டாம்.

● பிரசவித்த பெண் டாக்டர் சொன்ன நாளிலிருந்து எழுந்து நடக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும்.

● சீட்டில் புரியாத பெயர் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் குழாய்? தேய்க்கலாமா? காலைத் தூக்கி வைப்பதா, தொங்கப் போடுவதா?

பேத்திக்கு இப்போது ஐந்து மாதம். குப்புற விழுந்து சிரிக்கிறாள். என் மகள் காலுறை போட்டுக்கொண்டு சாயங்காலம் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறாள். என் அம்மா மட்டும், "அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் பேரா இருந்துச்சு?" என்று இன்னும் முணுமுணுக்கிறார். ஆனாலும் போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கால் வலி என்று வந்தபோது, அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஒரு காலா, ரெண்டு காலா? முதல்ல டாக்டர்கிட்ட பேரைக் கேட்டுட்டு வா. அப்புறம் தைலத்தைப் பார்ப்போம்."